ககாரின் போய் வந்த 108 நிமிடம்



விண்வெளிக்கு முதலில் போன மனிதர் யார் என்று கேட்டால், நான்காம் ஆண்டுப் பிள்ளைகூட "யூரி ககாரின்" என்று பட்டென்று சொல்லிவிடும். 1961 ஏப்ரல் 12 என்று தேதியையும் சேர்த்துச் சொல்லும். புதிர்ப் போட்டிக்கு அது போதும். ஆனால் அந்த மனுஷன் எப்படிப்பட்ட ஆபத்தில் ஏறினார், அவர் உயிரோடு திரும்புவார் என்று அனுப்பியவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். ரஷ்யாவில் கிளுஷினோ என்ற சிற்றூரில் 1934 மார்ச் 9ஆம் நாள் பிறந்தவர். தகப்பனார் தச்சர். தாயார் கூட்டுப் பண்ணையில் பால் கறப்பவர். 1941இல் ஜெர்மன் படை அந்த ஊரைப் பிடித்தது. வீட்டைச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். குடும்பம் பக்கத்திலேயே மண்ணைத் தோண்டி, ஒரு குழிவீடு அமைத்து அதில் ஒண்டிக்கொண்டது. ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருஷம்! அண்ணனையும் அக்காளையும் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போன கதையைப் பாட்டன்மார் வாயால் கேட்டவர்களுக்கு இது எப்படிப்பட்ட துயரம் என்று புரியும். நல்ல வேளை, அந்த இருவரும் போர் முடிந்து உயிரோடு வீடு திரும்பினார்கள்.

ககாரின் பதினாறு வயதில் இரும்பு வார்க்கும் ஆலையில் தொழில் பழகப் போனார். பகலில் உலைக்கு முன்னே வேலை, இரவில் பள்ளிக்கூடம். பிறகு சராத்தோவ் நகரில் தொழிற்பள்ளி. அங்கேதான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1960இல் விண்வெளிப் பயிற்சிக்கு எடுத்த இருபது விமானிகளில் அவரும் ஒருவர். உயரம் வெறும் 157 சென்டிமீட்டர். குள்ளமென்று யாரும் சிரிக்க வேண்டாம். வொஸ்டாக் கலத்தின் உருண்டை 2.3 மீட்டர் அகலந்தான். அதற்குள் இருக்கை, கருவி, உணவு எல்லாம் போக மீதியிடத்தில்தான் மனிதன்!

இனி விஷயத்துக்கு வருவோம். ககாரினுக்கு முன்னால் இந்த மாதிரிக் கலத்தை ஆளில்லாமல் ஏழு தடவை ஏவிப் பார்த்தார்கள். முழு வெற்றி மூன்று தடவைதான். ஒரு தடவை கீழே இறங்க வேண்டிய கலம், திசை மாறி இன்னும் மேலே ஏறிப்போயிற்று. 1960 ஜூலையில் ராக்கெட் சிதறி இரண்டு நாய்கள் மாண்டன. டிசம்பரில் இன்னும் இரண்டு நாய்கள் திரும்பி வரும் வழியில் மாண்டன. 1961 மார்ச் மாதம் போன இரண்டு கலங்கள் நாயோடும், மனித உருவப் பொம்மையோடும் பத்திரமாக வந்த பிறகுதான் "சரி, ஆளை ஏற்றலாம்" என்று துணிந்தார்கள்.

அந்த மார்ச்சிலேயே இன்னொரு கொடுமை நடந்தது. பயிற்சிக் குழுவில் இளையவரான பொந்தரென்கோ, பிராணவாயு நிறைந்த தனி அறையில் பயிற்சியில் இருந்தார். ஆல்கஹால் நனைத்த பஞ்சு சூடான மின்னடுப்பில் பட்டுவிட்டது. பற்றிய தீயை அணைக்க வழியில்லை. 24 வயதில் போய்விட்டார். ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. சோவியத் அரசாங்கம் இதை 1986 வரை வெளியில் விடவில்லை. வெற்றியை முரசு கொட்டிச் சொன்னவர்கள் இறந்துபோன பிள்ளையின் பெயரை மறைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏப்ரல் 12 காலை பைக்கனூரில் ககாரின் ஏறி உட்கார்ந்து கதவை மூடிய பிறகு, கதவு சரியாகப் பொருந்தியதைக் காட்ட வேண்டிய அடையாளம் வரவில்லை. முப்பது மரைகளையும் கழற்றித் திரும்பப் பூட்டினார்கள். அவர் உள்ளே சீழ்க்கையடித்துக்கொண்டு இருந்தாராம். மாஸ்கோ நேரம் 9.07க்கு ராக்கெட் கிளம்பியது. எடையில்லாத நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று மருத்துவர்கள் பயந்ததால், கலத்தை ஓட்டும் கருவிகளைப் பூட்டியே வைத்திருந்தார்கள். திறப்பதற்கு 125 என்ற எண் ஓர் உறைக்குள் இருந்தது. ஆனால் தலைமைப் பொறியாளர் கொரலேவ் உட்பட சிலர் அந்த எண்ணை முன்கூட்டியே அவர் காதில் போட்டுவிட்டார்களாம்! மனுஷ மனசு அப்படித்தானே?

கலம் வினாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் போயிற்று. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ராக்கெட் பொறி சற்றுத் தாமதமாக நின்றதால், நினைத்ததைவிட உயரமாக, 327 கிலோமீட்டர் வரை ஏறிவிட்டது. இது சின்ன விஷயமில்லை. கீழே இறங்க வேகத்தைக் குறைக்கும் பொறி ஒன்றே ஒன்றுதான். அது வேலை செய்யாவிட்டால், மேலே இருக்கும் மெல்லிய காற்றே கலத்தை மெதுவாக இழுத்து இறக்கிவிடும் என்று கணக்குப் போட்டுப் பத்து நாளைக்கு உணவு வைத்திருந்தார்கள். அந்த உயரத்தில் பத்து நாளில் இறங்கியிருக்காது. உணவும் காற்றும் தீர்ந்த பிறகுதான் இறங்கியிருக்கும்.

நல்லவேளையாக, ஆப்பிரிக்காவுக்கு மேலே பொறி எரிந்தது. உடனே அடுத்த தொல்லை. உருண்டையைவிட்டுப் பிரிய வேண்டிய பின்பகுதி, கம்பிக் கட்டு விடுபடாமல் தொங்கிக்கொண்டே வந்தது. கலம் பம்பரம் மாதிரி சுழன்றது. ஏறக்குறைய பத்து நிமிடம்! கடைசியில் காற்றின் உராய்வு வெப்பமே கம்பிகளை எரித்து அறுத்தது. சன்னலுக்கு வெளியே செந்தீ. உருண்டையின் ஒரு பக்கம் கனமாகச் செய்திருந்ததால் அது தானாகவே நிமிர்ந்துகொண்டது.

உருண்டை தரையில் மோதும் வேகத்தை மனித உடம்பு தாங்காது. அதனால் 7 கிலோமீட்டர் உயரத்தில் ககாரின் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுப் பாராசூட்டில் இறங்கினார். அங்கேயும் மூச்சுக்காற்று வரும் வால்வு உடுப்பில் சிக்கிக்கொண்டு சில நிமிடம் திணறினார். இறங்கியது எங்கே தெரியுமா? விமானம் ஓட்டப் பழகிய அதே சராத்தோவ் வட்டாரத்தில், ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தின் அருகே. வேலை செய்துகொண்டிருந்த ஒரு பாட்டியும் பேத்தியும் ஆரஞ்சு நிற உடுப்பைக் கண்டு மிரண்டுபோனார்கள். "நானும் உங்கள் ஆள்தான்" என்று சொல்லி அவர்தான் தைரியம் கொடுத்தார்.

108 நிமிடம் என்றுதான் உலகம் படித்தது. பின்னாளில் வெளிவந்த குறிப்புகளின்படி 106. பாராசூட்டில் தனியாக இறங்கியதையும் பல ஆண்டுகள் மறைத்து வைத்தார்கள். அந்தக் காலத்து உலகச் சாதனை விதிப்படி, விமானி கலத்தோடுதான் இறங்க வேண்டுமாம்.

நம் மலேசியாவின் ஷேக் முசாபர் 2007 அக்டோபர் 10ஆம் நாள் புறப்பட்டதும் பைக்கனூரில் ககாரினின் அதே ஏவுதளத்திலிருந்துதான்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. புறப்பட்ட நாளில் ககாரினுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு இரண்டு வயது, இளையவளுக்கு ஒரு மாதம். ஏப்ரல் 10ஆம் தேதி மனைவி வாலந்தினாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். இயந்திரத்தை நம்புகிறேன், ஆனாலும் ஏதாவது ஆகிவிட்டால் துக்கத்தில் உருகிவிடாதே, பிள்ளைகளை நல்லபடி வளர்த்துவிடு, உன் வாழ்க்கையை உன் இஷ்டப்படி அமைத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். அன்றைக்கு அந்தக் கடிதத்துக்கு வேலை வரவில்லை. 1968 மார்ச் 27ஆம் நாள், 34ஆம் வயதில், ஒரு பயிற்சி விமானம் விழுந்து ககாரின் இறந்தார். அதற்குப் பிறகுதான் கடிதம் மனைவியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.