விளிம்பில் ஒரு பெயர்

முதல் உலகப் போருக்குப் போன மைசூர் குதிரைவீரர் ஒருவரின் வெள்ளி மெடல் வீட்டில் இருந்தால், முகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் விளிம்பைப் பாருங்கள். பெரியவர்கள் அணியும் மெடல்களில் ராஜா தலைதான் பெரிது. இதிலும் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ்தான். மறுபக்கம் ஆடையில்லாத ஒரு வீரன், மண்டையோட்டை மிதித்து நிற்கும் குதிரைமேல் இருக்கிறான்; 1914, 1918 என்ற ஆண்டுகள். ஆனால் 36 மில்லிமீட்டர் வட்டத்தைச் சுற்றி ஓடும் அந்த ஒடுங்கிய விளிம்பில்தான் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். சவார் என்ற சாதாரணக் குதிரைவீரருக்கும் பெயர் உண்டு.

இந்த மெடல் போர்க்களம் பார்த்ததில்லை. 1919-இல்தான் அறிவித்தார்கள். அதைச் சம்பாதித்த கால்கள் அதற்கு முன்பே வெகுதூரம் போயிருந்தன. மைசூர்க் குதிரைப்படையான மைசூர் லான்சர்ஸ் 1914-இல் கப்பலேறி சூயஸ் கால்வாய்க் காவலுக்குப் போனார்கள். பிறகு சினாய் மணல், பாலஸ்தீனம். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா. ஊரை ஒட்டிய கார்மேல் மலைச்சரிவில் எதிரியின் பீரங்கிகள் இருந்தன. அவற்றை அடக்க மைசூர்க்காரர்களை மேலே அனுப்பினார்கள். உடன் வந்த ஜோத்பூர்க் குதிரைவீரர்கள் கீழே ஊருக்குள் பாய்ந்தார்கள். கையில் ஈட்டி, எதிரே மெஷின்கன். அன்று மாலைக்குள் ஊர் விழுந்தது; 1,350 பேர் கைதானார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, அலெப்போவுக்கு வடக்கே ஹரிதானில் மறுபடி ஒரு பாய்ச்சல். நான்கே நாளில் எதிரியான துருக்கி போர்நிறுத்தக் கையெழுத்துப் போட்டது. அந்தக் கடைசி வாரத்தில் செத்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

இறந்தவர்களுக்கு பெங்களூரு முனிரெட்டிபாளையத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. டில்லி தீன்மூர்த்தியில் நிற்கும் மூன்று சிலைகளில் ஒன்று மைசூருக்கு. ஹைஃபா நாளை இந்திய ராணுவத்தின் 61-ஆம் குதிரைப்படை இன்றும் கொண்டாடுகிறது. உயிரோடு திரும்பி, குதிரையை லாயத்தில் விட்டு, வயலுக்கோ வேறு வேலைக்கோ போனவருக்கு எந்தத் தூணும் இல்லை. அவருக்கு இந்த விளிம்பு மட்டும்தான்.

வெள்ளி என்பதே இதற்கு ஆபத்து. ஏறக்குறைய 30 கிராம். பஞ்சம் வந்தால் அடகுக்கடை, பிறகு உருக்கும் சட்டி. 1980-இல் வெள்ளி விலை ஏறியபோது பிரிட்டனிலேயே இப்படி ஏராளமான மெடல்கள் உருகிப்போயின. உருக்கிய வெள்ளியில் யார் பெயர் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் மிஞ்சியதற்கும் ஒரு சோதனை உண்டு. வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே கையோடு இதையும் திருநீறு போட்டுத் தேய்த்துவிடுகிறோம். விளிம்பில் உள்ள எழுத்துகள் ஆழமானவை அல்ல. மெடல் கறுத்தே கிடக்கட்டும். பூதக்கண்ணாடி வைத்து எண்ணையும் பெயரையும் படித்து, ஒரு தாளில் எழுதி, இவர் எங்களுக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்து, மெடலோடு வைத்துவிடுங்கள்.