மருந்தைச் சுமக்கும் கைகள்

பக்கத்து வீட்டு மூத்தம்மாவின் மருந்துத் துண்டைக் கொண்டுபோய் பாமசியில் மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். நம்மிடம் யாரும் லைசன்ஸ் கேட்பதில்லை. விற்பவருக்கு அனுமதி வேண்டும், சரி. சுமப்பவருக்கும் வேண்டுமா? அமெரிக்காவின் சட்ட வரலாற்றில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது.

1914 டிசம்பரில் அங்கே ஹரிசன் சட்டம் வந்தது. அபின், கொக்கெய்ன் சேர்ந்த மருந்துகளை விற்போர், கொடுப்போர் அரசில் பதிந்து வரி கட்ட வேண்டும். ஆனால், பொதுவாகச் சரக்கு ஏற்றிச் செல்வோருக்கும், பதிந்தவரின் வேலையாட்களுக்கும் விலக்கு இருந்தது.

1970இல் வந்த கட்டுப்பாட்டு மருந்துச் சட்டமும் அதையே தொடர்ந்தது. லொறிக்காரர், களஞ்சியக்காரர் பதியத் தேவையில்லை. ஆனால் வழமையான தொழிலுக்காக மட்டுமே மருந்தை வைத்திருக்கலாம். நோயாளிக்கும், அவருக்காக வாங்கிவரும் வீட்டாருக்கும் விலக்கு உண்டு.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. பதிவு ஆளுக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் உரியது. மிருக வைத்தியரின் பதிவு கிளினிக்கில். நோயுற்ற மாடோ பண்ணையில். வலிமருந்தைப் பையில் வைத்துப் பண்ணைக்குப் போவது சட்டமீறல் என்றார்கள் அதிகாரிகள். லொறிக்காரர் கொண்டுபோகலாம், வைத்தியர் கொண்டுபோக முடியாது! 2014 ஓகஸ்டில் தனிச் சட்டம் போட்டுத்தான் அதைத் திருத்தினார்கள். 2017இல் அம்புலன்ஸ் சேவைகளுக்கும் ஏற்பாடு வந்தது.

மருந்தைக் காக்கும் சட்டம், அது நோயாளியைச் சேர்வதைத் தடுத்துவிடக் கூடாது. நம் கையில் வரும் மருந்தும் அமானிதம்தான். கட்டுப் பிரிக்காமல் உரியவரிடம் சேர்ப்போம்.