செம்மாசன் பெற்ற வித்தை: கடமற்றத்துக் கத்தனார் கதையில் வீர மரபுரிமை

தனக்கு முன்னிருந்த வீரர் ஒருவரின் ஆற்றலையோ ஆயுதத்தையோ பெயரையோ பதின்ம வயதினர் ஒருவர் ஏற்று, அதற்குத் தாம் உரியவர்தானா என்ற ஐயத்தோடு போராடும் கதையமைப்பை 'மரபுரிமை வீரக் கதை' எனக் குறிக்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2020இல் தொடங்கிய 'ஸ்டார்கேர்ள்' தொடர் இதற்குத் தெளிவான சான்றாகும்; பள்ளி மாணவியான கோர்ட்னி விட்மோர், மறைந்த ஸ்டார்மேன் என்னும் வீரனின் கோலைக் கைக்கொள்வதற்கு அவனே தன் தந்தை என்ற நம்பிக்கையைக் காரணமாகக் கொள்கிறாள், அந்த நம்பிக்கை பொய்யென்று தெரிந்த பிறகும் கோலைக் கீழே வைக்க மறுக்கிறாள். குருதிவழி வராத உரிமை செல்லுமா என்னும் இக்கேள்வி அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்கு வெகு முன்பே, எர்ணாகுளம் மாவட்டத்தில் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை ஒட்டிய கடமற்றம் என்னும் சிற்றூரின் பழங்கதையில் எழுப்பப்பட்டுள்ளது. வாய்மொழியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து மேடைக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் திரைப்படத்துக்கும் அக்கதை பெயர்ந்தபோது அக்கேள்வி என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதையின் தலைவன் பெற்றோரை இழந்த பவுலோஸ் என்னும் ஏழைச் சிறுவன். கடமற்றம் பள்ளியின் (கேரளத்தில் கிறித்தவக் கோயிலையும் 'பள்ளி' என்பர்) கத்தனார், அதாவது சுறியானி மரபைச் சேர்ந்த குருவானவர், அவனை வளர்த்து, சுறியானி மொழி கற்பித்து, குருத்துவத்தின் முந்தைய படியாகிய செம்மாசன் நிலைக்கு உயர்த்துகிறார். காணாமற்போன மாட்டைத் தேடிக் காட்டுக்குள் சென்ற இளைஞன் வழிதவறி, மலைக்குடியினராகிய மலையரயரிடம் அகப்படுகிறான். அவர்களின் தலைவன் அவனைக் கொல்லாமல், அவன்மீது பரிவுகொண்டு மந்திர வித்தை முழுவதையும் கற்றுக்கொடுக்கிறான். மலையரயரை நரமாமிசம் உண்போராகக் காட்டும் பகுதி, சமவெளி மக்கள் மலைமக்கள்மீது ஏற்றிய பழி என்றே கொள்ளத்தக்கது. அதே கதை தன் வீரனின் ஆற்றலுக்கு அம்மக்களையே ஊற்றாக வைத்திருப்பது அந்தப் பழியைத் தானே மறுப்பதுபோல் அமைந்துவிடுகிறது. ஊர் திரும்பியவனை மீட்டுச்செல்ல மலையரயர் வந்ததாகவும், அவன் பள்ளிக்குள் அடைக்கலம் புகுந்ததாகவும், அவர்கள் பள்ளிக் கதவின்மீது அடித்ததாகவும் வாய்மொழி மரபு கூறும். அவனுக்கு உரிமை கோரும் இல்லங்கள் இரண்டு: ஒன்று வளர்த்தது, மற்றொன்று வித்தை தந்தது, அவற்றுள் எதுவும் அவன் பிறந்த இல்லமன்று.

இத்தகைய கதை இப்பகுதியில் வேர்கொண்டதற்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த மார் ஆபோ என்னும் ஆயரோடு மரபுக்கதையால் பிணைக்கப்பட்ட கடமற்றம் பள்ளியில், பஃலவி எழுத்துகள் பொறித்த பழஞ்சிலுவை ஒன்று உள்ளது. 1599இல் கோவா பேராயர் அலெக்சிஸ் டி மெனசிஸ் இதே மாவட்டத்தின் உதயம்பேரூரில் கூட்டிய திருச்சபை மன்றம், சுறியானி நூல்கள் பலவற்றைத் தடைசெய்தபோது, பாரசீக மருத்துவம் என்ற பெயரில் வழங்கிய மந்திர நூல் ஒன்றையும் அப்பட்டியலில் சேர்த்தது. ஆகவே குருவானவரின் பேழையில் மந்திரச் சுவடி இருக்கக்கூடும் என்ற எண்ணம் வெறும் கற்பனையிலிருந்து எழுந்ததன்று. தம் பழைய கிழக்கத்திய மரபைக் காக்க விரும்பிய நசரானியர் என்னும் கேரளச் சுறியானிக் கிறித்தவர் 1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவையைச் சாட்சியாக்கி, போர்த்துகீசியச் சேசு சபையாருக்குக் கீழ்ப்படிவதில்லை எனச் சூளுரைத்தனர். எந்த மரபு தமக்கு உரியது, அதைக் கையளிக்கும் தகுதி எவருக்கு உண்டு என்பதைத் தெருவில் நின்று வழக்காடிய சமூகமே கத்தனார் கதையையும் போற்றிவந்தது என்பதை மறந்துவிட்டுக் கதையை மட்டும் படிப்பது போதாது.

கொட்டாரத்தில் சங்குண்ணி (1855–1937) தாம் தொகுத்த கேரளப் பழங்கதைகளைப் 'பாஷாபோஷிணி' இதழில் எழுதி, பின்னர் 1909 முதல் 'ஐதீகமாலை' என்ற தலைப்பில் எட்டுப் பகுதிகளாக நூலாக்கினார். கத்தனார் கதை பரவலான வாசிப்புக்கு வந்தது இந்நூலால்தான். அதில் வரும் யட்சி நிகழ்ச்சி பின்னாளில் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொல்லும் யட்சிக்கு, கத்தனார் இரும்பாணியில் சுண்ணாம்பை வைத்து நீட்டி அவளைக் கட்டுக்குள் கொண்டுவருகிறார். மக்கள் வழக்கில் இந்த யட்சியோடு ஒன்றாக்கப்பட்ட கள்ளியங்காட்டு நீலி தமிழருக்கும் அயலாள் அல்லள். கள்ளியங்காடு இன்றைய குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலை அடுத்திருப்பது, நீலி கதையோ அங்கு வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது.

மேடைக்கு வந்தபோது கதையின் எடை இடம் மாறியது. கேரளக் கிறித்தவ மேடையில் அதற்கு முன்பு மரபுரிமை வேறுவகையில் வாழ்ந்தது: கொச்சிக் கடற்கரையின் இலத்தீன் கிறித்தவர்கள் வளர்த்த சவிட்டு நாடகம் என்னும் அடவுக்கூத்தில், கார்ல்மான் பேரரசனும் அவன் வீரர்களும் பங்குபெறும் கதை தமிழ் கலந்த மொழியில் ஆடப்படும். அதன் முதல் ஆசானாகத் தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவியாரை மரபு சுட்டும். சுவடியும் அடவும் ஆசானிடமிருந்து மாணவனுக்கு இறங்குவதால், அங்கே மரபுரிமை கதைக்குள் மட்டுமன்றி ஆட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. கலாநிலயம் கிருஷ்ணன் நாயர் 1963இல் தொடங்கிய நாடகக் குழு 'கடமற்றத்துக் கத்தனா'ரை மேடையேற்றியபோது வேறொரு தேவை முன்வந்தது. விளக்கொளியும் எந்திர அமைப்பும் காட்டும் வியப்புக்காகச் சீட்டு வாங்கியவர்களுக்கு, யட்சி தோன்றும் காட்சிதான் வேண்டியிருந்தது. இளைஞன் காட்டில் கற்ற காலத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்தத் தேய்வைத் தொலைக்காட்சி நிறைவு செய்தது. தூர்தர்ஷனில் 1997 முதல் ஒளிபரப்பான இந்தித் தொடர் 'சக்திமான்', முனிவர்கள் வழங்கிய ஆற்றலால் தீமையை எதிர்க்கும் வீரனை நாடெங்கும் உள்ள சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தது. 1993இல் தொடங்கப்பட்டிருந்த ஏசியாநெட் 2004இல் கடமற்றத்துக் கத்தனாரைத் தொடராக்கியபோது, மலையாள வீடுகளுக்கு அதே ஆர்வத்தை ஈடுசெய்யும் உள்ளூர் வீரன் கிடைத்தான். பிரகாஷ் பால் ஏற்ற அந்த வேடம், தாடியும் அங்கியும் சிலுவையுமாக ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்துவிட்டமையால், இன்று கத்தனார் என்றவுடன் பலருக்கும் எழும் உருவம் முதிர்ந்த மந்திரவாதியுடையதே, வழிதவறிய பையனுடையதன்று. இதற்கு நடிகரையோ இயக்குநரையோ குறைகூறுவதில் பயனில்லை. நெடுந்தொடர் என்னும் வடிவம் மீண்டும் மீண்டும் புதிய எதிரியைக் கேட்கிறது, மரபைப் பெறுதலோ ஒருமுறை மட்டுமே நிகழக்கூடியது. பெற்ற உரிமையைக் கதையின் தீராத சிக்கலாக வைத்துக்கொண்டால் மட்டுமே அது நெடுந்தொடரைத் தாங்கும். 'ஸ்டார்கேர்ள்' அவ்வாறு செய்தது, 2022இல் வந்த 'மிஸ் மார்வெல்' தொடரும் கொள்ளுப்பாட்டியின் வளையலை 1947 பிரிவினையின் நினைவோடு கட்டி அவ்வாறே செய்தது. கடமற்றத்துக் கதையில் அந்தச் சிக்கல் முன்பே ஆயத்தமாக இருந்தும் பயன்படுத்தப்படவில்லை என்பதுதான் இழப்பு.

அடுத்த திருப்பம் திரைப்படத்திலிருந்து வந்தது. பேசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வெளியான 'மின்னல் முரளி'யில், தையற்காரன் ஜெய்சனுக்கு ஆற்றலைத் தருவது மின்னல். ஆனால் பெயரைத் தருவது அவனைப் பெற்ற தந்தையின் நாடகம். கேரளத்தின் புதிய மீவீரன் தன் மரபை ஊர் நாடக மேடையிலிருந்து எடுத்துக்கொள்வது, கொச்சிக் கடற்கரைக் கூத்தின் நெடிய வரலாற்றை அறிந்தவர்க்குத் தற்செயலாகத் தோன்றாது. டொமினிக் அருண் இயக்கி 2025 ஆகஸ்டில் வெளிவந்த 'லோகா: அத்தியாயம் 1 – சந்திரா', ஆணியால் அடக்கப்பட்ட யட்சியையே நாயகியாக்கியது, கல்யாணி பிரியதர்ஷன் நடித்த அந்தச் சந்திராதான் நீலி, அவளை ஆற்றல் வந்தடைவதும் சிறுமிப் பருவத்தில், காட்டில், அதிகாரத்தால் வேட்டையாடப்பட்ட மலைக்குடியின் நடுவில். செம்மாசன் பவுலோஸிடமிருந்து மேடையும் தொலைக்காட்சியும் பறித்துக்கொண்ட அந்தக் காட்டுப் பருவம், அவன் அடக்கியதாகச் சொல்லப்பட்டவளிடம் இவ்வாறு போய்ச் சேர்ந்தது. அப்படத்தில் கத்தனாரும் வருகிறார். ஒருகாலத்தில் மலையரயர் தலைவன் நின்ற இடத்தில், அவளுக்கு வழிகாட்டும் மூத்தவராக.