ஆன் ஆகாத லேப்டாப்: பழுது கண்டறியும் தொழிலின் கதை

கணினி இயங்கத் தொடங்குமுன் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, குறை இருந்தால் அதை வெளியே சொல்லும் வழக்கம் தனிநபர் கணினியில் வேரூன்றியது 1981-ல். அதற்கு முந்தைய காலம் வேறு. 1975-ல் வெளிவந்த ஆல்டேர் 8800 கணினியை இயக்க, முன்பலகையிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, தொடக்கக் கட்டளைகளை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்த வேண்டும். விளக்குகள் சரியாக எரியாவிட்டால், தவறு சுவிட்சைத் தள்ளிய கையிலா, நினைவக அட்டையிலா என்பதை உரிமையாளரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 5150 கணினியில் இந்த நிலை மாறியது. அதன் மதர்போர்டில் 8 கிலோபைட் அளவுள்ள பயாஸ் என்ற நிரல் நிரந்தரமாகப் பதிந்திருந்தது. மின்சாரம் வந்ததும் அது முதலில் செயலியைச் சோதிக்கும். பிறகு தன் உள்ளடக்கம் சிதையாமல் இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கும். அடுத்து நினைவகம், திரை, விசைப்பலகை, டிஸ்க் என்று வரிசையாகப் போகும். எல்லாம் சரியென்றால் ஒரு குட்டி பீப். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் கேட்டால் கோளாறு திரை அட்டையில். திரை வேலை செய்தால் எண்ணாகவே காட்டிவிடும்: 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் ஃபிளாப்பி டிரைவ். இதைவிடப் பெரிய விஷயம், ஐபிஎம் விற்ற தொழில்நுட்பக் கையேடு. மதர்போர்டின் மின்சுற்று வரைபடமும் பயாஸ் நிரலின் முழு மூலவரிகளும் அதில் அச்சாகியிருந்தன. காசு கொடுத்து அந்தக் கையேட்டை வாங்கிய எவரும், இயந்திரம் எந்த வரியில் நின்றது, எந்தக் கம்பியில் மின்சாரம் தடைப்பட்டது என்று படித்தே அறிந்துகொள்ள முடிந்தது. பழுதுபார்ப்பவரைத் தயாரிப்பாளர் இவ்வளவு நம்புவது தனிநபர் கணினியின் பிந்தைய வரலாற்றில் அரிதாகிவிட்டது.

பயாஸின் மூலவரிகளை அச்சிட்டதால் அதை அப்படியே நகலெடுக்கும் உரிமை யாருக்கும் கிடைத்துவிடவில்லை. காம்பேக் நிறுவனம் ஐபிஎம்மின் வரிகளைத் தொடாமல், அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதி, 1983-ல் தன் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படியொரு பயாஸை யார் வேண்டுமானாலும் உரிமம் பெற்று வாங்கலாம் என்று விற்கத் தொடங்கியது. அவார்டும், 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி இன்று சென்னையிலும் பொறியாளர்களை வைத்திருக்கும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸும் சேர்ந்துகொண்டன. கணினி மலிவானது, பழுதுபார்ப்பவரின் வேலை சிக்கலானது. திரை அட்டையில் கோளாறு என்பதை அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸ் எட்டு பீப்களில் சொல்லும். அவார்ட் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியுமாகச் சொல்லும். ஃபீனிக்ஸ் பயாஸோ கொத்துக் கொத்தாக ஒலித்து இடைவெளி விடும். எந்த பயாஸ் என்று தெரியாமல் பீப்பை மட்டும் எண்ணிப் பயனில்லை.

1984-ல் வந்த ஐபிஎம் ஏடி மாடல் இன்னும் இரண்டு பழக்கங்களை விட்டுச்சென்றது. ஒன்று, கணினியின் அமைப்பு விவரங்களையும் நேரத்தையும் காக்கும் பேட்டரி. பழைய லேப்டாப்களில் இன்றும் அடிக்கடி மாற்றப்படும் வட்டமான சீமாஸ் செல் அந்தப் பேட்டரியின் வாரிசுதான். மற்றொன்று, சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணை 80 என்ற முகவரிக்கு அனுப்புவது. அந்த எண்ணைப் பிடித்துக் காட்டும் சிறிய அட்டைகள் விற்பனைக்கு வந்தன. டெஸ்க்டாப்பின் ஸ்லாட்டில் செருகினால், ஒலியும் ஒளியும் இல்லாத போர்டு எந்தப் படியில் நின்றுபோனது என்பதை இரண்டு எழுத்துகள் காட்டிவிடும். தொடக்கச் சோதனையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் போஸ்ட் கார்டு என்று கடைகளில் அழைக்கப்பட்ட இது நீண்ட காலம் பழுதுபார்ப்பவரின் மேசையில் நீங்கா இடம் பிடித்திருந்தது.

சோதிக்கும் நிரலே அழிந்துபோனால் என்ன ஆகும் என்பதை 1999 ஏப்ரல் 26 காட்டியது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் என்ற வைரஸ் அன்று ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பின் மேலும் குப்பையை எழுதிவிட்டது. அத்தகைய போர்டு பீப் ஒலிகூட எழுப்பாது. பழுதுபார்ப்பவர்கள் துணிச்சலான ஒரு வழியைக் கையாண்டார்கள். அதே மாடலில் நல்ல கணினி ஒன்றை ஆன் செய்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பைப் பிடுங்கிவிடுவார்கள். நிரல் ஏற்கெனவே நினைவகத்துக்குப் போய்விட்டதால் கணினி நிற்காது. காலியான சாக்கெட்டில் செத்த சிப்பைப் பொருத்தி, சரியான பயாஸ் ஃபைலை அதில் எழுதுவார்கள். கை நடுங்கினால் இரண்டு போர்டுகளும் போய்விடும்.

லேப்டாப் பரவியபோது டெஸ்க்டாப் கற்றுத்தந்த பாதி வித்தை செல்லாததாகிவிட்டது. செருகிப் பார்க்க ஸ்லாட் இல்லை; கிராஃபிக்ஸ் சிப், செயலி, மின்சுற்று எல்லாம் ஒரே பலகையில். பீப் ஒலிக்குப் பதிலாக ஹெச்பி, டெல் போன்றவை விளக்கு சிமிட்டும் குறியீடுகளைக் கொடுத்தன. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தபோது இன்னொரு தடையும் வந்தது. திங்க்பேட் போன்ற மாடல்களில் பழைய அலுவலகம் போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் பதிந்திருக்கும். சீமாஸ் செல்லைக் கழற்றினாலும் அது போகாது.

இருந்தும், லேப்டாப்புக்கென உருவான சோதனை முறையின் உள்ளே 1981-ன் வரிசை அப்படியே இருக்கிறது. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, தேங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றுவது முதல் படி. பிறகு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. வெளி மானிட்டரை இணைத்துத் திரையைப் பார்ப்பது. கடைசியாக டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பயாஸ் பக்கம் வருகிறதா என்று பார்ப்பது. பவர் இல்லை, நோ டிஸ்பிளே, ஓஎஸ் ஏறவில்லை என்று கடைக்காரர் மூன்றாகப் பிரிப்பதும் இந்த வரிசையில்தான்.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. 183 டிகிரி செல்சியஸில் உருகும் ஈய-வெள்ளீயப் பற்றாசின் இடத்தை, 217 டிகிரிக்கு மேல் உருகும் கலவைகள் பிடித்தன. பழுதுபார்க்கும் மேசையில் கூடுதல் வெப்பம் தேவைப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்து லேப்டாப்கள் பல, ஓரிரு ஆண்டுகளில் திரை இருண்டு நின்றன. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்கள் சிலவற்றின் உறையிலும் அடிப்பொருளிலும் பலவீனம் இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்கான செலவாக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடேறி ஆறும்போதெல்லாம், சிலிக்கான் துண்டுக்கும் அதைத் தாங்கும் சிறு பலகைக்கும் நடுவிலுள்ள நுண்ணிய பற்றாசுப் புள்ளிகள் விரிசல் விட்டன.

சூடான காற்றால் சிப்பை வாட்டினால் லேப்டாப் உயிர் பெற்றது; சில வாரங்களில் மீண்டும் இருண்டது. சிப்பைக் கழற்றி அடியிலுள்ள உருண்டைகளைப் புதிதாகப் பதிக்கும் ரீபாலிங் பெரிய தொழிலாக வளர்ந்தது. ஆனால் ரீபாலிங் மாற்றுவது சிறு பலகைக்கும் மதர்போர்டுக்கும் இடையிலுள்ள உருண்டைகளை. விரிசல் இருந்ததோ அதற்கு மேல் அடுக்கில். குணமாக்கியதுபோல் தோன்றியது அந்த வேலையின்போது கிடைத்த வெப்பம்தான். இப்படிப்பட்ட சிப்களுக்குச் சரியான தீர்வு, குறை நீக்கிய புதிய சிப்பைப் போடுவது ஒன்றே. உலகெங்கும் எத்தனையோ வாடிக்கையாளர்கள் நிலைக்காத வேலைக்குப் பணம் கொடுத்தார்கள். கோளாறின் முழு விவரம் தயாரிப்பாளரிடமிருந்து கடைக்கு வந்திருந்தால் அந்தச் செலவு தவிர்ந்திருக்கும்.

அந்த அனுபவத்திலிருந்து சிப் லெவல் சர்வீஸ் முதிர்ந்தது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவின் கடைகளிலும் இன்று அந்தப் பெயர்ப்பலகைதான் தொங்குகிறது. ஆன் ஆகாத போர்டு மேசைக்கு வந்ததும் அளவிடப்படுவது மின்னோட்டம். சார்ஜருக்குப் பதிலாக 19 வோல்ட் வைத்த டிசி பவர் சப்ளையை இணைத்து, ஆம்பியர் எண்ணைப் பார்ப்பார்கள். பட்டனை அழுத்தியும் எண் பூஜ்ஜியத்திலேயே நின்றால் மின்சாரம் நுழைவாயிலையே தாண்டவில்லை. சற்றே ஏறி அப்படியே நின்றால், பவர் வரிசையைக் கட்டுப்படுத்தும் ஐசியோ பயாஸோ சந்தேகத்துக்குரியது. இணைத்ததுமே எகிறினால் ஷார்ட். அப்போது ஷார்ட் ஆன தடத்தில் ஒரு வோல்ட் அளவில் மின்சாரம் செலுத்தி, போர்டின்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவுவார்கள். எந்தக் கெப்பாசிட்டரைச் சுற்றி ஈரம் முதலில் காய்கிறதோ, அங்கே சூடு. பெரும்பாலும் குற்றவாளியும் அதுவே. சில பைசா விலையுள்ள அந்தத் துண்டை எடுத்துவிட்டால் முழு போர்டும் எழுந்துவிடுவதுண்டு.

பயாஸின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. இன்டெல் தொடங்கிய புதிய முறையை வளர்க்க 2005-ல் யுஇஎஃப்ஐ அமைப்பு உருவானது. 2012-ல் விண்டோஸ் 8-உடன், கையொப்பம் சரிபார்த்த நிரலை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் பரவலானது. எட்டுக் கால் கொண்ட சிறிய ஃபிளாஷ் சிப்பில் நிரலோடு அந்த இயந்திரத்துக்கே உரிய வரிசை எண்களும் அமைப்புகளும் சேர்ந்திருக்கின்றன. எனவே இன்னொரு லேப்டாப்பின் ஃபைலை அப்படியே எழுதிவிட முடியாது. மலிவான புரோகிராமர் கருவியால் முதலில் பழைய உள்ளடக்கத்தைப் படித்துச் சேமித்து வைப்பது அனுபவசாலிகளின் கண்டிப்பான விதி. மெல்லிய லேப்டாப்களில் ரேமையே போர்டில் பற்றவைத்துவிட்டதால், கழற்றிப் போட்டுப் பார்க்கும் மிகப் பழைய சோதனையும் அங்கே கைவிட்டுப்போனது.

போர்டின் வரைபடம் இல்லாமல் இந்த வேலை எதுவும் முறையாக நடக்காது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைப் பொதுவில் வெளியிடுவதில்லை; எப்படியோ கசிந்து வந்த படங்களை வைத்தே கடைகள் ஓடுகின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகம் வகுக்க இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. உதிரிபாகங்களோடு மின்சுற்று வரைபடத்தையும் தயாரிப்பாளர்கள் தர வேண்டும் என்று அந்தச் சட்டகம் கேட்க வேண்டும். 1981-ல் ஒரு பெரிய நிறுவனம் புத்தகமாக அச்சிட்டு விற்ற ஒன்றை இன்று தர முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.