தடைகள் வளர்த்த மாவு

காட்டு பாதாம் கசக்கும். கசப்போடு நின்றால் பரவாயில்லை. மென்றதும் அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் சயனைடை வெளிவிடும். ஒன்றிரண்டு கைப்பிடி தின்றால் ஆளையே சாய்த்துவிடும். நாம் தின்னும் பாதாமில் இந்த நஞ்சு உருவாகாமல் போனதற்கு மரபணுவில் நேர்ந்த ஒரு சின்னஞ்சிறு மாற்றம்தான் காரணம் என்று 2019-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மேற்கு ஆசியாவில் எந்தக் குடியானவரோ, கசக்காத காய் காய்த்த மரத்தைக் கவனித்து அதன் விதையை எடுத்து நட்டிருக்க வேண்டும். எகிப்தின் துட்டன்காமன் கல்லறைக்குள் உணவோடு உணவாக பாதாமும் வைக்கப்படும் அளவுக்கு அது மதிப்புப் பெற்றது. (நம் ஊர்த் தெருக்களில் அகன்ற இலையோடு நிழல் தரும் 'பாதாம் மரம்' வேறு வகை. அசல் பாதாமுக்கு உறவு பீச், ஆப்ரிகாட் மரங்கள்தான்.)

பருப்பை மாவாக்கிப் பலகாரம் செய்யும் கலை பாக்தாதில் செழித்தது. 10-ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே 'லவ்சீனஜ்' என்ற இனிப்பு இருக்கிறது. அரைத்த பாதாமும் சர்க்கரையும் பன்னீரும் சேர்த்துப் பிசைந்த பூரணத்தை, எதிரில் இருப்பது தெரியுமளவுக்கு மெல்லிய ரொட்டித் தாளில் சுருட்டுவார்கள். மேலே பாகு ஊற்றுவார்கள். கோதுமை இங்கே வெறும் உறைதான். பாரசீகத்திலிருந்து சர்க்கரையும் இந்த ரசனையும் வந்தன. அரபு வணிகர்களும் படைகளும் இரண்டையும் மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 711-ல் ஸ்பெயின், 9-ஆம் நூற்றாண்டில் சிசிலி.

ஐரோப்பாவில் பாதாமைத் தூக்கிவிட்டது தேவாலயம். தவக்காலத்தின் 40 நாளும், மற்ற விரத நாட்களிலும் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. பணக்காரர் வீட்டுச் சமையல்காரர் என்ன செய்வார்? பாதாமை அரைத்துப் பிழிந்து பால் எடுத்தார். மாட்டுப்பால் ஒரே நாளில் புளித்துவிடும்; பாதாமோ மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும், வேண்டும்போது அரைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் எழுதிவைத்த குறிப்புகளைப் புரட்டினால் பாதாம்பால் பக்கத்துக்குப் பக்கம் வழிகிறது. ஏழை வெறும் மீனும் ரொட்டியுமாக நோன்பு இருந்தான். பிரபு ஸ்பெயினிலிருந்து வந்த பருப்பை அரைத்து விருந்தே சாப்பிட்டுவிட்டு, அதற்கும் விரதம் என்று பெயர் வைத்தார்.

இதுபோல் ஒரு விலக்கு இன்னொரு வீட்டிலும் இருந்தது. பஸ்கா பண்டிகை நாட்களில் யூதர்கள் புளித்த மாவு எதையும் தொடமாட்டார்கள். ஸ்பானிய யூதர்கள் பாதாம் மாவில் கேக் செய்தார்கள். 1492-ல் அரசாணை போட்டு அவர்களைத் துரத்தியபோது அந்தக் கைப்பக்குவமும் இஸ்தான்புல், சலோனிகா என்று அவர்களோடு கிளம்பியது. முழு ஆரஞ்சைத் தோலோடு வேகவைத்து, மசித்து, பாதாம் பொடியும் முட்டையும் சர்க்கரையும் கலந்து சுடும் கேக்கை 1968-ல் கிளாடியா ரோடன் தன் மத்திய கிழக்கு சமையல் நூலில் எழுதினார். இன்று 'கோதுமை இல்லாத கேக்' என்று உலகமெங்கும் கஃபேக்களில் விற்பது பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைதான்.

மார்சிபானுக்கு வருவோம். பாதாம் மாவையும் சர்க்கரையையும் பிசைந்த இந்த உருண்டை எங்கே பிறந்தது என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை கிடைக்கும். ஸ்பெயினின் டொலேடோவில் 1212 வாக்கில் கோதுமை தீர்ந்துபோய், கன்னியாஸ்திரிகள் கிடங்கில் இருந்த பாதாமையும் சர்க்கரையையும் இடித்து மக்களின் பசியாற்றினார்களாம். ஜெர்மனியின் லூபெக்கிலும் 1407-ல் பஞ்சம் வந்து, அதே கோதுமை தீர்ந்து, அதே கிடங்கிலிருந்து பாதாம் வெளியே வந்ததாம். ரொட்டிக்கு வழியில்லாத ஊரில், அன்று மருந்துக்கடையில் நிறுத்து விற்கும் அளவு விலை உயர்ந்த சர்க்கரை மட்டும் மூட்டை மூட்டையாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. லூபெக்கில் பாதாமும் விளையாது, கரும்பும் விளையாது. அதனிடம் இருந்தது துறைமுகம், கப்பல், வணிகர் சங்கம். மார்சிபான் அங்கே வேர்விட்டதற்கு எனக்கு இந்தக் காரணமே போதும். 1806-ல் யோஹான் கேயோர்க் நீடரெகர் அங்கே திறந்த கடை இன்னும் மார்சிபான் விற்கிறது. போலியும் கூடவே வந்தது. ஆப்ரிகாட், பீச் கொட்டைகளை உடைத்து உள்பருப்பின் கசப்பை நீக்கி அரைத்து, பெர்சிபான் என்று மலிவாக விற்றார்கள். உறவுக்கார மரங்கள் என்பதால் மணத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

பிரான்ஸின் நான்சி நகரில் மீண்டும் ஒரு விலக்கு. அங்கிருந்த மடத்தில் இறைச்சி கூடாது என்பதால் பாதாம் பொடி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை சேர்த்த மக்ரூன் சத்துணவாகச் செய்துவந்தார்கள். புரட்சி வந்தது, 1792-ல் மடங்கள் மூடப்பட்டன. மார்கெரித், மாரி எலிசபெத் என்ற இரு கன்னியாஸ்திரிகள் பிழைப்புக்காக அந்தப் பண்டத்தையே செய்து விற்றார்கள். 'மக்ரூன் சகோதரிகள்' என்ற பெயரில் அங்கே ஒரு தெருவே இருக்கிறது. இரண்டு வில்லைகளை ஒட்டி நடுவே கிரீம் வைத்த வண்ண வண்ண பாரிஸ் மக்ரோன் மிகப் பிந்தி, 20-ஆம் நூற்றாண்டில் வந்த ஆடம்பரம். மறதிக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு: இத்தாலியின் காப்ரி தீவில் 1920-ல் சமையல்காரர் ஒருவர் சாக்லேட் பாதாம் கேக்கில் கோதுமை மாவு போட மறந்ததால் 'தோர்த்தா காப்ரேசே' பிறந்ததாகச் சொல்கிறார்கள்.

இதற்கிடையே போர்த்துகீசியக் கப்பல்கள் இந்தியாவுக்கு வந்திருந்தன. கடற்கரை வெக்கையில் பாதாம் மரம் காய்க்காது. ஆனால் அதே கப்பல்கள் பிரேசிலிலிருந்து இன்னொரு மரத்தை இறக்கியிருந்தன: முந்திரி. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கோவாவிலும் மும்பையிலும் கிறிஸ்தவ வீடுகளில் மார்சிபான் முந்திரியில் ஆனது. இலங்கையில் கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் விரிக்கும் 'ஆமண்ட்' பூச்சிலும் பெரும்பாலும் கஜு என்ற முந்திரிதான். பிலிப்பைன்ஸின் 'சான்ஸ் ரிவல்' கேக்கிலும் பிரெஞ்சுப் பாதாம் அடுக்கு முந்திரி அடுக்காகிவிட்டது. மெக்சிகோவில் மசபான் என்று கேட்டால் வேர்க்கடலை வில்லையைத் தருவார்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்த நகல் தூத்துக்குடியில் இருக்கிறது: மக்ரூன். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை பொங்க அடித்து, உடைத்துப் பொடித்த முந்திரியைக் கலந்து, கூம்பிலிருந்து தட்டில் பிழிந்து இழுப்பார்கள். நுனி சுருண்டு கூராக நிற்கும். பிறகு மெல்லிய சூட்டில் நெடுநேரம். வாயில் போட்டதும் மேல்தோடு நொறுங்கும், உள்ளே பல்லில் கொஞ்சம் ஒட்டும், கடைசியாக முந்திரித் துணுக்கு தட்டுப்படும். பாரிஸ் மக்ரோனுக்குச் சாயமும் கிரீமும் தேவைப்படுகின்றன. இதற்கு எதுவும் வேண்டாம். நகல் அசலை மிஞ்சிய இடம் இது என்று துணிந்து சொல்வேன்.

பாதாம் மாவின் மறுபிறப்புக்கு நோய் காரணமானது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, சீலியாக் என்ற குடல்நோயுள்ள பிள்ளைகளுக்குக் கோதுமைதான் எதிரி என்று சந்தேகித்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நாட்டில் ரொட்டியே கிடைக்காதபோது அந்தப் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. அமெரிக்காவிலோ சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் வாழைப்பழத்தை மையமாக வைத்துத் தானியமில்லாத பத்தியம் கொடுத்துவந்தார். அவரிடம் குடல்நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு சிறுமியின் தாய் எலைன் காட்ஷால். அவர் பின்னாளில் உயிர்வேதியியல் படித்து, அந்தப் பத்தியத்தைப் புத்தகமாக எழுதினார். அதில் ரொட்டிக்கும் கேக்குக்கும் கோதுமையின் நாற்காலியில் அமர்ந்தது அரைத்த பாதாம்.

அதற்குள் பருப்புக்கும் பஞ்சமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறவிகள் கலிபோர்னியாவில் நட்ட கன்றுகள் கடலோர ஈரத்தில் சோபிக்கவில்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்குக்கு மாறியதும் நிலைமை தலைகீழானது. இன்று உலக பாதாமில் ஏறத்தாழ 80 சதவீதம் அங்கேதான் விளைகிறது. பிப்ரவரியில் பூக்கும்போது அமெரிக்கா முழுவதிலுமிருந்து தேனீப் பெட்டிகள் லாரியேறி வருகின்றன. அந்தப் பருப்பை வெளிநாடுகளில் அதிகம் வாங்குவது இந்தியா.

அதில் ஒரு பங்கு, தானியத்தைத் தவிர்க்கும் நம் ஊர்ப் பேலியோக்காரர்களுக்கு. காலை உணவாக 100 பாதாம் என்று தமிழ்க் குழுக்கள் கிளப்பிவிட்ட பழக்கம், எண்ணி எண்ணித் தின்று அலுத்தபின் மாவுக்கு வந்து நின்றது: பாதாம் தோசை, பாதாம் பூரி, சர்க்கரை நோயாளிக்குப் பிறந்தநாள் கேக். பசைத்தன்மை இல்லாத மாவு என்பதால் முட்டை சேர்க்காவிட்டால் கல்லிலேயே பிய்ந்துவிடும். மிக்சியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் சூடேறி, எண்ணெய் விட்டு, மாவுக்குப் பதில் பாதாம் வெண்ணெய்தான் மிஞ்சும். அதற்கும் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் தனி விலை.