பாடி: ஒரு சிற்றூரின் மண்ணும் வரலாறும்

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை தலைநகரங்களும் போர்க்களங்களுமே. சிற்றூருக்கும் வரலாறு உண்டா என்று கேட்கத் தோன்றும். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த செல்பார்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் வாழ்ந்தார். தம் ஊரின் மண், ஓடை, மரம், பறவை, பழைய கட்டடம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து கவனித்து, 1789-இல் ஒரு நூலாக வெளியிட்டார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் மூன்று சிறு பறவைகளைக் குரலைக் கொண்டே வெவ்வேறு இனங்கள் என்று பிரித்தறிந்தவர் அவர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

அவர் தம் ஊரைப் பார்த்தது போல நாமும் நம் ஊர்களில் ஒன்றைப் பார்ப்போமா? சென்னைக்கு மேற்கே, வில்லிவாக்கத்திற்கும் அம்பத்தூருக்கும் இடையில் உள்ள பாடியை எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே இறங்கினால் மேம்பாலமும் வாகன இரைச்சலுமே நம்மை எதிர்கொள்ளும். ஆயினும் அவற்றின் அடியில் ஒரு பழைய கிராமம் இருக்கிறது.

நிலத்தின் சாய்வு

பாடி கடலிலிருந்து ஏறத்தாழ 11 கி.மீ. மேற்கே உள்ள சமவெளி. கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றினாலும், இந்நிலம் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்துள்ளது. இப்பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்கு நீர் வேண்டுமானால் என்ன செய்வது? சாய்வுக்குக் குறுக்கே கரை எழுப்பி நீரைத் தேக்க வேண்டும். அதுவே ஏரி.

ஏரிகளைத் தனித்தனியாக அமைக்காமல், நம் முன்னோர் சங்கிலியாகக் கோத்தனர். மதகு வழியே வயலுக்கு நீர் போகும். மிகுதியான நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரியை அடையும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் ஏரி நிரம்பினால் மாதவரம் இரட்டை ஏரிக்கும் நீர் செல்லும். பாடிக்கு வடக்கே கொரட்டூர் ஏரியும், கிழக்கே வில்லிவாக்கம் ஏரியும், தெற்கே முகப்பேர் ஏரியும் இருந்தன. பாடி, வில்லிவாக்கம் பக்கத்தில் தொடங்கும் ஓட்டேரி நல்லா என்ற ஓடை, அயனாவரம் வழியாக ஓடிப் பேசின் பாலத்தருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. செங்கற்பட்டு மாவட்டம் ‘ஏரி மாவட்டம்’ என்று பெயர் பெற்றதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

பெயர் சொல்லும் செய்தி

‘பாடி’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, முல்லை நிலத்து ஆயர் குடியிருப்பு. ஆயர்பாடி என்ற பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, படை தங்கும் பாசறை. இங்கிலாந்தில் மான்செஸ்டர், வின்செஸ்டர் முதலிய ஊர்ப் பெயர்களில் வரும் ‘செஸ்டர்’ என்ற ஈறும், ரோமானியரின் படைமுகாமைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. பெயர்கள் நெடுங்காலம் வாழ்கின்றன. முகாம் கலைந்த பின்னும், மாடுகள் மறைந்த பின்னும் அவை நிற்கின்றன.

பாடிக்கு இன்னொரு பழம்பெயரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் இவ்வூர்க் கோயிலை வலிதாயம் என்று பாடினார். பரத்துவாச முனிவர் வலியன் என்னும் குருவியாக வந்து இங்கே வழிபட்டார் என்கிறது தலபுராணம். வலியன் என்பது வேறெதுவும் அன்று. மின்கம்பியில் அமர்ந்திருக்க நீங்கள் அன்றாடம் காணும் கரிச்சான் குருவிதான். மேயும் மாட்டின் முதுகில் ஏறி அமர்ந்து, அதன் காலடியில் கிளம்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். கூட்டருகே வரும் காக்கையையும் பருந்தையும் அஞ்சாமல் துரத்தும். மேய்ச்சல் நிலத்திற்கு மிகவும் ஏற்ற பறவை! புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஊரின் பறவையை ஊரார் கூர்ந்து கவனித்திருந்தார்கள் என்பது மட்டும் அதனால் தெரிகிறது.

கல்லில் ஒரு யானை

கோயிலுக்குள் சென்றால் கருவறையைச் சுற்றி வந்து பாருங்கள். அதன் பின்புறம் சதுரமாக இல்லாமல் வளைந்திருக்கும். படுத்திருக்கும் யானையின் முதுகைப் போன்றதாகையால் இதனைத் தூங்கானை மாடம் என்பர். இவ்வடிவம் தொண்டை மண்டலத்தில் மிகுதி. அருகிலுள்ள திருமுல்லைவாயிலிலும் காணலாம். பண்டைய ஆட்சிப் பிரிவில் இவ்வட்டாரம் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான புழற் கோட்டத்தைச் சேர்ந்தது.

கணக்கில் ஏறிய ஊர்கள்

1086-இல் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் வில்லியம், தன் நாட்டின் ஊர்களில் எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று கணக்கெடுக்கச் செய்தான். அதனால் இன்றும் பல ஆங்கிலச் சிற்றூர்கள் தம் பழமையை ஆவணத்தோடு காட்ட முடிகிறது. நம் பக்கத்திலும் அத்தகைய கணக்கு ஒன்று உண்டு. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அதன் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். வீடுகள், தொழில்கள், நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அக்கணக்கில் அடங்கும்.

இருப்புப் பாதையும் தொழிற்சாலையும்

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பாதை பாடிக்குச் சற்று வடக்கே செல்கிறது. தெற்கே சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் சாலை, நடுவே சமநிலம். போதாக்குறைக்குப் பெரம்பூரில் ரயில்வே பணிமனையும், 1955 முதல் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இருந்தமையால் கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளர்கள் அருகிலேயே கிடைத்தனர். தொழில் தொடங்க வேறென்ன வேண்டும்? 1960-களில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆகிய ஆலைகள் பாடியில் எழுந்தன. மோட்டார் வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர், சக்கரம், பிரேக், திருகாணி எல்லாம் இங்கே உருவாயின. 1964-இல் பக்கத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. ஆயர்பாடி ஆலைப்பாடி ஆயிற்று. 2008-இல் மேம்பாலம் திறக்கப்பட்டது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது, அதில் அடங்கிய பாடியும் மாநகரத்திற்குள் வந்தது.

ஏரிகள் எங்கே?

வயல் மறைந்ததும் ஏரிக்கு ஆயக்கட்டு இல்லாமற் போயிற்று. ஆயக்கட்டு இல்லாத ஏரியைக் காக்க ஆளும் இல்லை. வில்லிவாக்கம் ஏரியின் பெரும்பகுதி குடியிருப்பாயிற்று. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் அமைத்த மனைப்பிரிவுக்கே ‘ஏரித் திட்டம்’ என்று பெயர். கொரட்டூர் ஏரி இன்னும் எஞ்சியிருக்கிறது. ஆனால் அதில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர்மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது.

வரைபடத்தில் ஏரியை அழித்துவிடலாம். நிலத்தின் சாய்வை அழிக்க முடியுமா? 2015 வெள்ளத்தில் கொரட்டூர்த் தெருக்களில் நீர் தேங்கி நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியது. நீர் தன் பழைய வழியையே தேடி வந்தது. ஊரின் புவியியலை மறந்தால் நேரும் இழப்பு, தேர்வில் குறையும் மதிப்பெண் அளவில் நிற்பதில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீராக அது வந்து சேர்கிறது.

உங்கள் ஊர்

மாணவர்களே, ஓர் ஊரைப் படிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. அடுத்த மழையின்போது உங்கள் தெருவில் நீர் எத்திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். அது சென்று சேரும் இடத்தைத் தொடர்ந்து போய்க் கண்டறியுங்கள். ஊர்ப் பெயரின் பொருளைத் தேடுங்கள். கோயில் சுவரில் எழுத்து இருந்தால், படி எடுக்கத் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். மேய்ச்சல் தரை எது, களம் எது, கலங்கல் எங்கே இருந்தது என்று எண்பது வயதுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இன்று கேட்டால் அவர் விடை சொல்வார். பத்தாண்டு கழித்துக் கேட்க நினைத்தால், சொல்ல அவர் இருக்கமாட்டார்.