செவிலியர் சரித்திரம் – 14: ஆடும் படுக்கை

கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை. தொடாதே என்பது கட்டளை.

1960களின் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு அதுதான் விதி. சூடு குறையக்கூடாது, கிருமி அண்டக்கூடாது, தூக்கினால் இருக்கிற தெம்பும் போய்விடும். எனவே இன்குபேட்டரில் கிடத்திவிட்டு விலகி நிற்பார்கள். பெற்றவளுக்கே பல மருத்துவமனைகளில் கண்ணாடி வழியாகத்தான் தரிசனம்!

இந்த விதியோடு மோத வந்தவர் கேத்ரின் பர்னார்ட். 1938இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் பிறந்தவர். நர்சிங் படித்து, பாஸ்டனில் முதுகலை முடித்து, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 1963இல் ஆசிரியராக வந்தார். அவர் கேட்டது எந்தப் பாட்டியும் கேட்கக்கூடிய கேள்வி. வயிற்றுக்குள் இருந்தவரை இந்தப் பிள்ளை அசையாமலா கிடந்தது? அம்மா நடந்தால் ஆடியது. அவள் இதயத்துடிப்பை இரவும் பகலும் கேட்டது. நாள் முந்திப் பிறந்த குற்றத்துக்கு இரண்டையும் ஏன் பறிக்கிறோம்?

ஒரு நர்ஸ் கேட்டால் டாக்டர்கள் உலகம் காது கொடுக்குமா? ஆதாரம் வேண்டும். இன்குபேட்டருக்குள் பொருந்தும் ஆடும் படுக்கை ஒன்றை பர்னார்ட் உருவாக்கினார். இடைவெளி விட்டு விட்டு மெல்ல ஆடும். பதிவு செய்த இதயத்துடிப்பும் ஒலிக்கும். நம் வீட்டுத் தூளியின் வேலைதான், ஆட்டும் கை மட்டும் இயந்திரம். ஆடிய குழந்தைகள் கூடுதல் நேரம் அமைதியாக உறங்கின. உடம்பும் தேறியது. 1972இல் முனைவர் பட்டம் கைக்கு வந்தது.

இன்னொருவராக இருந்தால் அந்தப் படுக்கையை வைத்தே பணி ஓய்வு வரை ஓட்டியிருப்பார். ஆனால் பர்னார்டின் பெரிய வேலை அதற்குப் பிறகுதான் என்பேன். பெட்டியை விட்டு வீட்டுக்குப் போன குழந்தையை யார் ஆட்டுவார்? அவரது குழு குழந்தைகளைப் பிறப்பு முதல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பிரசவத்தில் நேர்ந்த சிக்கலைவிட, தாயும் சேயும் பழகும் விதமே பின்னாளைய பேச்சையும் அறிவையும் பற்றி அதிகம் சொன்னது. சரி, பழகும் விதத்தை எப்படி அளப்பது? பால் கொடுக்கும் நேரத்தைப் பார்த்துக் குறிக்க 76 அம்சங்கள். தாய் எதையாவது சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு 73.

அளவுகோல் தயார். ஆனால் அதைப் பிடிக்கத் தெரிந்த நர்ஸ்கள் சியாட்டிலில் மட்டுமே இருந்தால் என்ன பயன்? இவ்வளவு பெரிய நாட்டில், மூலைமுடுக்கெல்லாம் இருப்பவர்களுக்கு யார் போய்ச் சொல்லிக்கொடுப்பது?

பர்னார்ட் எங்கும் போகவில்லை. அவருடைய பாடம் விண்ணுக்குப் போனது, ஒரு செயற்கைக்கோளுக்கு!

(அடுத்த வாரம்)